யார் வீட்டு நாய்?

"ஏனுங்க சவரியாரே, உங்க மணி பஸ் ஸ்டாண்டுகிட்ட யாரோ வெளியூர்ப் புள்ளையைக் கடிச்சுருச்சுங்க! நான் போறதுக்குள்ள டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

மூச்சிரைக்க ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பெரியசாமியை, மளிகைக்கடைச் சவரியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என் மணியா? நான் எங்கீங்க நாய் வளர்த்தேன்? மிச்சம் மீதி போட்டா வாலாட்டும். அது ஊர் நாய்ங்க."

"என் கோழியைக் கவ்வினப்பவும் இதையேதான் சொன்னீங்க. கட்டிப் போடுங்கன்னு எத்தனை தரம் சொன்னேன்! உங்க நாய்தான்னா சொல்லுங்க, இழுத்துட்டு வாரேன். இல்லீன்னா சனங்க அடிச்சே போட்டுருவாங்க. தடியோட நிக்கறாங்க."

நாய் தன்னுடையது என்றால் வைத்தியச் செலவும் தன்னுடையதாகிவிடும். சவரியாரின் வியாபார மூளை சட்டென்று முடிவெடுத்தது.

"எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. அடிச்சுப் போடச் சொல்லுங்க."

பெரியசாமி திரும்பி ஓடினார்.

சற்று நேரத்தில் சவரியாரின் மனைவி இசபெல்லா அழுதபடி கடைக்குள் நுழைந்தாள்.

"ஏனுங்க, பள்ளிபாளையத்துல இருந்து நம்ம மக புள்ளையோட வந்து இறங்கினா. புது ஆளுன்னு நம்ம மணி பேத்தியைக் கடிச்சுருச்சுங்க! நாயைப் பத்து நாள் கட்டிப் போட்டுப் பார்க்கச் சொல்றாரு டாக்டர். அது நல்லாயிருந்தா ஊசியே வேண்டாமாம். நாய் இல்லீன்னா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாம்! சீக்கிரம் மணியைப் புடிச்சுட்டு வாங்க!"

"ஐயோ, அது என் நாய்! அடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே சவரியார் தெருவில் இறங்கி ஓடினார்.

எதிரே தடியோடு வந்த பெரியசாமி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"பயப்படாதீங்க. நீங்க சொன்னாப்பலயே முடிச்சாச்சு. உங்க பேரே வெளிய வரலீங்க."