எபநேசரின் காற்று நிலவரம்

பாராகிளைடிங் பயிற்சியாளர் எபநேசர், மலைக்காற்று நிலவரத்தைப் போர்வைக்குள் படுத்தபடியேதான் வாட்ஸப் குழுவில் போடுவார் என்பது தெருவுக்கே தெரியும். நேற்றையதில் தேதியை மாற்றினால் வேலை முடிந்தது. அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியாது போலிருக்கிறது. அன்று காலை அவர் போட்டதை நம்பி, முதன்முறையாகத் தனியே பறக்க மலையேறிவிட்டாள்.

எபநேசர் ஜன்னலைத் திறந்தார். தைலமரங்கள் தரையைத் தொடுமளவு வளைந்துகொண்டிருந்தன. போன் அடித்தார், அவள் எடுக்கவில்லை. வெறுங்காலோடு உச்சிக்கு ஓடினார். அங்கே ஆரஞ்சு நிறப் பாராசூட் முழுதாக விரிந்து அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. பாய்ந்து அவள் இடுப்புவாரைப் பற்றினார்.

"விடுங்க! பொண்டாட்டி பறந்தா பொறுக்காதே உங்களுக்கு!"

"அடியே, காத்து சரியில்லடி!"

"அப்ப காலைல நல்லாருக்குன்னு போட்டது யாரு?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது, அவர் கால்களும் தரையில் இல்லை.