ஆறாவது முறை

சர்வர் என்னை உள்ளே விடவில்லை.

கட்டளையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். முடியாது என்றுகூடப் பதில் வரவில்லை. நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு, நேரம் கடந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி.

கால் சுளுக்கு. அதனால் இன்று வீட்டிலிருந்து வேலை. அலுவலகத்தின் அந்த லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது நானும் இன்னொருத்தியும்.

என் கணவரும் அதே நிறுவனம்தான். இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுபவர். இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே எழுதுகிறார். ஒன்பது மணிக்குப் பக்கத்து அறைக் கதவைச் சாத்துவார், ஐந்து மணிக்குத் திறப்பார். அவர் கோப்புகள் எல்லாம் அந்த சர்வரில்தான்.

நொண்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"ஏங்க, உங்களுக்கு சர்வர் கனெக்ட் ஆகுதா?"

தட்டச்சு ஓசை நின்றது.

"ஜம்முன்னு ஆகுதே. என்ன, காவக்காரிக்கே கேட்டைத் திறக்க மாட்டேங்குதா?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்படியானால் கோளாறு என் மடிக்கணினியில். அணைத்துப் போட்டேன். சர்வருக்குள் நுழைவதற்கான சாவிக் கோப்பைச் சரிபார்த்தேன். மற்ற தளங்கள் எல்லாம் திறந்தன, இது மட்டும் இல்லை.

அலுவலகத்தில் இருக்கும் அந்த இன்னொருத்தியை அழைத்தேன்.

"இங்க எல்லாம் ஓடுதுக்கா," என்றாள். "வீட்லேர்ந்தா பண்றீங்க? வேணாம்க்கா, நான் பாத்துக்கறேன். நீங்க காலை நீட்டிப் படுங்க."

வேலையைத் தூக்கி இன்னொருவர் தலையில் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

கைபேசியின் இணைப்பை மடிக்கணினிக்குக் கொடுத்து முயன்றேன். முதல் தட்டிலேயே சர்வர் திறந்தது.

கோளாறு மடிக்கணினியில் இல்லை. வீட்டு இணைப்பில்.

எங்கள் சர்வரில் ஒரு விதி உண்டு. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் ஐந்து முறை கடவுச்சொல் தவறினால், அந்த முகவரியை அடைத்துவிடும். எங்களில் ஒருவர் கையால் நீக்கும்வரை அங்கிருந்து யாரும் நுழைய முடியாது. விதியை எழுதியது நான்தான்.

அடைபட்டவற்றின் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு முகவரி இருந்தது.

எங்கள் வீட்டுடையது. வேலை தடைபடக் கூடாதென்று, மாறாத முகவரியாக அவரே கேட்டு வாங்கியது.

அடைத்த தேதியைப் பார்த்தேன். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

சர்வரின் பதிவேட்டில் பின்னோக்கிப் போனேன். ஐந்து முயற்சியும் அவர் பெயரில். காலை ஒன்பது மணிக்கு, ஒரு நிமிடத்துக்குள் நான்கு. ஐந்தாவது, மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது.

அதற்கு முந்தின நாள் மாலை இன்னொரு வரி. அவருடைய கணக்கு மூடப்பட்டிருந்தது. ஒருவர் வேலையிலிருந்து போகும்போது செய்வது அது. மூடியவர் என்ற இடத்தில், சற்றுமுன் என்னைப் படுக்கச் சொன்னவளின் பெயர்.

மூன்று வாரமாக என் தேநீரை அவளே இருக்கைக்குக் கொண்டுவந்து வைக்கிறாள். வைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. கால் சுளுக்கும் முன்பிருந்தே.

சுவருக்கு அப்பால் தட்டச்சு ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. எப்போதும் போல வேகமாக.

அடைப்பை நீக்க ஒரு வரி போதும். அதைத் தட்டி முடித்தும் விட்டேன். எண்டரை மட்டும் அழுத்தவில்லை.

நீக்கினால், ஆறாவது முறையும் முயன்று பார்ப்பார்.

எழுத்து எழுத்தாக அழித்தேன்.

"என்னாச்சு, திறந்துச்சா?" உள்ளிருந்து குரல் வந்தது.

"என் லேப்டாப்லதாங்க ஏதோ தப்பு. இப்ப சரியாயிடுச்சு."

உள்ளே தட்டச்சு மறுபடி தொடங்கியது.

மணி பதினொன்று. ஐந்தாக இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.