நாலாவது கண்டிஷன்

"படிச்சுக்கினு இருக்கும்போதே நடுவுல கல்யாணம் பண்ணலாமா சார்?"

அம்மா கேட்டதும் சங்கரிக்கு மானமே போய்விட்டது. நர்சிங் காலேஜ் ஆபீசில், அத்தனை பேர் எதிரில் கேட்கிற கேள்வியா இது?

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த தாவீது சார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"தாராளமா பண்ணலாம்மா. போன வருஷம் நாலு பொண்ணுங்க தாலியோடதான் வந்து பரீட்சை எழுதினாங்க. நாங்க தடையே சொல்றதில்ல."

"வூட்ல பேசிட்டு சொல்றோம் சார்" என்று அம்மா தையல்நாயகி எழுந்துவிட்டாள்.

இது மூன்றாவது காலேஜ். ஒன்றிலாவது ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா என்று கேட்டிருப்பாளா? ஊஹூம். போன இடத்திலெல்லாம் இந்த ஒரே கேள்வி.

சங்கரிக்குத் தெரியாதா என்ன? எல்லாம் கிருஷ்ணவேணி அத்தை பண்ணுகிற வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து நடு வீட்டில் உட்கார்ந்துகொள்வாள். "எங்க பையன் குமரகுருவுக்கு இவளைத் தையிலே முடிச்சுடலாம். படிப்பு அது பாட்டுக்கு நடக்கட்டும்" என்பாள். தன் அக்கா பேச்சை அப்பா என்றைக்குத் தட்டினார்?

பெரியவள் அம்சாவுக்கும் இதைத்தான் சொன்னார்கள். டீச்சர் டிரெயினிங்கில் பாதியில் தாலி ஏறியது. இப்போது கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. கடைசிப் பரீட்சையை இன்னும் எழுதவில்லை. அன்றைக்கும் அம்மா வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் சங்கரி வெடித்தாள். "ஏம்மா, எனக்கு காலேஜ் பாக்கறியா, இல்ல கல்யாணத்துக்கு நாள் பாக்கறியா?"

"நாளைக்கு வேற எடம் பாக்கலாம்" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"நாளைக்குமா? மூணு நாளா தறி நிக்குது. அப்பா கத்தப் போறாரு."

சேலையில் உடம்பையும் கரையையும் கோர்த்து நெய்கிற வேலை. அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்து கரை நூலுக்கு நாடா போட்டால்தான் அப்பாவுக்குத் தறி ஓடும்.

"நிக்கட்டும். கத்தட்டும்" என்றாள் அம்மா.

சங்கரியிடமும் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து, ஃபாரமும் வரவழைத்து வைத்திருந்தாள். மிலிட்டரி நர்சிங் காலேஜ், புனா. நாலு வருஷப் படிப்பு, சாப்பாடு, துணி எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடித்தால் தோளில் நட்சத்திரம் குத்தி லெப்டினன்ட் என்பார்கள். போனால் அங்கேதான் போவது என்று அவள் முடிவெடுத்து இரண்டு மாதம் ஆகிறது.

ஒரே தொல்லை, அதில் இருந்த நாலாவது கண்டிஷன். இந்த அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினால் காரியம் உருப்படுமா?

வீட்டுக்கு வந்ததும் அம்மா ராட்டையில் நூல் சுற்ற உட்கார்ந்தாள். ஃபாரம் இங்கிலீஷில்தானே இருக்கிறது என்ற தைரியத்தில் சங்கரி எதிரில் உட்கார்ந்து, தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"ஒண்ணு, பதினேழு வயசு ஆயிருக்கணும். ரெண்டு, மொத தடவையே பாஸ் பண்ணியிருக்கணும். மூணு, உடம்பு டெஸ்ட்டு. அஞ்சாவது, முடிச்சதும் மிலிட்டரி ஆஸ்பத்திரியிலதான் வேலை செய்யணும். அவ்ளோதான். பெத்தவங்க ஒருத்தர் இங்க கையெழுத்து போடணும்."

"கல்யாணம்?"

வந்துவிட்டது. சங்கரி கண் சிமிட்டாமல் சொன்னாள். "அதைப் பத்தி ஒண்ணுமே போடலம்மா. எப்ப வேணா பண்ணிக்கலாம்."

ராட்டை நின்றது.

"அப்ப இதுவும் வேணாம்."

சங்கரிக்கு உச்சி முதல் கால் வரை எரிந்தது. இனிமேல் எதற்கு ஒளிக்க வேண்டும்?

"சரி, பொய்தான் சொன்னேன். கல்யாணம் ஆகாதவங்களைத்தான் சேப்பாங்க. நடுவுல பண்ணா வெளிய அனுப்பிடுவாங்க. நாலு வருஷம் உங்க அத்தனை பேர் ஆசையும் நடக்காது. நீ கையெழுத்து போடலேன்னாலும் நான் போகத்தான் போறேன்."

அம்மா அவளையே பார்த்தாள். "அது எழுத்துல இருக்குதா?"

"இருக்குது. கவர்மென்ட்டு போட்ட ரூலு."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பேனா குடு."

சங்கரிக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவை நீட்டினாள். தையல்நாயகி என்று ஒவ்வொரு எழுத்தாக அம்மா அழுத்தி எழுதினாள்.

"அம்சாவுக்கு அப்ப கல்யாணம் வேணாம்னு உங்கப்பா காலப் புடிச்சு அழுதேன். நீ சின்னப் பொண்ணு, ஸ்கூலுக்குப் போயிருந்த. ஒருத்தரும் கேக்கல."

பேனாவை மூடி மகள் கையில் கொடுத்தாள்.

"நான் வேணாம்னா யாரு கேக்கறாங்க? கவர்மென்ட்டு வேணாம்னா உங்க அத்தையும் கேட்டுத்தான ஆவணும்."