ஒன்றுமே இல்லாத கணினி

பன்னிரண்டு மணிக்கு அந்தக் கணினிக்கு மூடுவிழா.

நாலு வருஷம் ராப்பகலாய் அதை உருவாக்கியவள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

உள்ளங்கை அகலம். ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் தாங்கும். ஆனால் அதில் புரோகிராம் எழுதும் வசதி மட்டும்தான் இருந்தது. ஓட ஒரு செயலி கிடையாது. செயலி இல்லாததை யார் வாங்குவார்கள்? யாரும் வாங்காததற்கு யார் செயலி எழுதுவார்கள்? நாலா இடத்துக்கும் இலவசமாக மாதிரிகளை அனுப்பியும், பெரிய நிறுவனங்களிடம் கெஞ்சிக் கூத்தாடியும் ஒருவரும் அசையவில்லை.

பத்தரைக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு பென்டிரைவ்.

செருகினாள். நாற்பத்தொரு செயலிகள். எல்லாமே அவளுடைய கணினிக்காக எழுதியவை.

முதலாவது சதுரங்கம். எதிராளியைப் பார்க்கவே வேண்டாம். அவர் எந்தக் காயை எங்கே நகர்த்துகிறார் என்று கூவுவதைக் காதால் கேட்டுத் தட்டினால் போதும்.

அடுத்தது, பின்னோக்கி மட்டுமே எண்ணும் நாட்காட்டி.

இன்னொன்று உங்கள் ஜன்னல் எந்தத் திசை, எத்தனை அங்குலம் என்று கேட்டது. சொன்னதும், எந்தெந்த நாளில் அதில் நிலா தெரியும் என்று காட்டியது.

வேறொன்று, குழந்தையைக் கடைசியாகப் பார்த்தபோது என்ன உயரம் என்று கேட்டு, இன்று எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று சொன்னது.

ஒரு வரிகூட வீணில்லை. இப்படியெல்லாம் செய்யலாமென்று உருவாக்கியவளுக்கே தோன்றியதில்லையே!

மேலாளரின் அறைக்கு ஓடினாள். அவர் வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு தாண்டியது. மூடுவிழாப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

“யாரும்மா இவங்கல்லாம்? எந்தக் கம்பெனி? உடனே கூப்பிடு!”

உறையில் இருந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஜெயில் ஆபீஸ்,” என்றது ஒரு கனத்த குரல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மெல்ல விஷயத்தைச் சொன்னாள்.

“ஆமா மேடம், நம்ம கைதிங்க எழுதினதுதான். வேற எந்த கம்ப்யூட்டருக்கும் இங்க அனுமதி இல்ல. உங்களதுல ஒண்ணுமே இல்லன்னுதான் உள்ள விட்டோம்.”