ஒரே ஒரு மாணவி

1971 ஆகஸ்ட். பாகிஸ்தான் ராணுவ உத்தரவுப்படி டாக்கா பல்கலைக்கழகம் மறுபடி திறந்து பத்து நாளாகியிருந்தது. தெருமுனையில் லுத்ஃபாவின் ரிக்‌ஷாவை மறித்தாள் வகுப்புத் தோழி மனோவரா.

"எங்கேடி, வகுப்புக்கா?"

"ஆமா."

"நம்ம விடுதலைப் படை, முக்தி வாகினி போட்ட துண்டுப்பிரசுரம் படிக்கலையா? வகுப்புல உட்கார்றவ துரோகியாம். என் அண்ணன் எல்லையில துப்பாக்கி தூக்கறான். நீ மேஜர் முன்னால 'உள்ளேன் ஐயா' சொல்லப் போறியா? உங்க வீட்ல யாருக்குமே வெட்கம் கிடையாதா?"

லுத்ஃபா புத்தகங்களை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"போ. இனிமே என்கூடப் பேசாதே."

எண்பது பேர் அமரும் வகுப்பில் அவள் மட்டும் இருந்தாள். பேராசிரியர் பதிவேட்டிலிருந்து எல்லாப் பெயர்களையும் வரிசையாக வாசித்தார். ஒரு பெயருக்கு மட்டும் பதில் வந்தது. வாசலில் நின்ற மேஜர் அதைக் குறித்துக்கொண்டு போனார்.

பூட்ஸ் சத்தம் ஓய்ந்தது. பேராசிரியர், "நாளைக்கு வராதேம்மா. எல்லாரும் உன்னை ஏசறாங்க," என்றார்.

"ஒரு நாள் வகுப்பு காலியா இருந்தாலும் உங்களைத் திரும்பவும் ராணுவ முகாமுக்குக் கொண்டுபோவோம்னு சொல்லித்தானே விட்டாங்க, அப்பா?"

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். சாக்பீஸ் விரல்களில் நிற்காமல் விழுந்தது. பிடுங்கிய நகங்கள் இன்னும் முளைக்கவில்லை.

லுத்ஃபா எழுந்துபோய் சாக்பீஸை எடுத்தாள்.

"நீங்க சொல்லுங்கப்பா. நான் எழுதறேன்."