கோட்டைக்குள் ஒரு தம்ளர் தண்ணீர்

"தண்ணி வேணும்."

கேட்டுவிட்டாள்.

யார் வீட்டிலும் கேட்கவே கூடாதென்று அம்மா சொல்லி வளர்த்தது இந்த ஒன்றைத்தான். நம்ம சாதிக்கு உசரத்துலேர்ந்து கையிலதான் ஊத்துவாங்க. நாக்கு வறண்டாலும் வாயத் தொறக்காத.

ஆனால் இது ஊர் இல்லை. ஜெய்சல்மேர். கோட்டைக்குள் ஒரு பழைய மாளிகை. பாட்டில் காலி.

காலையிலிருந்து மஞ்சள் கல்லைத் தடவிக்கொண்டேதான் நடந்தாள். சன்னல் முழுக்கக் கல்லில் பின்னிய சல்லடை. அழகு.

அதன் பின்னால் பெண்களை உட்கார்த்தி வைத்தவர்கள்மேல் எரிச்சல்.

இரண்டும் சேர்ந்தே வந்தன.

வீட்டுக்காரப் பெரியவர் பானை மூடிமேல் கை வைத்தார். திறக்கவில்லை. கோகுல்நாத்திடம் இந்தியில் ஏதோ கேட்டார். தையில் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவன்.

சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

மூடி திறந்தது.

வெள்ளித் தம்ளர். விளிம்புவரை தண்ணீர். பெரியவர் இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்ன கேட்டாரு?"

"குடும்பப் பேரு. எங்க தாத்தா பேருக்குப் பின்னாடி இருந்த வாலைச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் சேத்து."

"காலேஜ் மேடையில அறுத்துப் போட்டேன்னு கைதட்டு வாங்குனியே, அந்தச் சாதி வாலா?"

"மெதுவாப் பேசு. கல்யாணம் ஆயிட்டா உனக்கும் அதானே? அப்புறம் யாரு உன்னைக் கேக்கப் போறா?"

உதவி செய்துவிட்ட முகம் அவனுக்கு.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தம்ளரை அவன் கையில் வைத்தாள்.

"நீயே குடி. உன் வாலுக்கு வந்த தண்ணி."

செருப்பை மாட்டினாள்.

"ஏய், எங்க போற? வழி தெரியாதுடி உனக்கு."

இந்தக் கோட்டையில் வழி கேட்க வேண்டியதில்லை. சரிவில் இறங்கினால் வாசல் வந்துவிடும்.

இறங்கியபடியே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மண்டபம் வேணாம்னு சொல்லிரும்மா."

"ஏன்டி? என்னாச்சு?"

"தண்ணி கேட்டேன்."



"குடுக்கலையா?"

"குடுத்தாங்க."

வெயில் கல்லில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. அவள் நிற்கவில்லை.