கை படாத கோட்டை

"தொடறதுக்கு முன்னாடி இதைப் போட்டுக்க" என்று அவன் ஒரு ஜோடி ரப்பர் கையுறையை நீட்டினான்.

அவள் சிரித்துவிட்டாள். அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைத் தொட ஆஸ்பத்திரி வேஷமா?

"கை வியர்வை பட்டா வெள்ளைக் கட்டையெல்லாம் மஞ்சளாயிடும்."

"அப்போ உன் கை?"

"எனக்கு வியர்க்காது."

அலுவலகத்தில் இரண்டு வருஷமாகப் பக்கத்து மேசைக்காரன். கல்யாணப் பேச்சை எடுக்கும் முன் அம்மா உன்னை ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று சொல்லித்தான் இன்று வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தான்.

சற்று முன் கூடத்தில் அவன் அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. அப்பா என்ன வேலை பார்க்கிறார்?

"குப்பை வண்டியில. வீடு வீடா எடுப்பார்."

தலை நிமிர்ந்துதான் சொன்னாள். அந்த வண்டிச் சம்பளத்தில்தான் குடும்பத்தின் முதல் பட்டத்தை அவள் வாங்கினாள். சொல்வதற்கு வாய் ஏன் கூச வேண்டும்?

அவன் அம்மா சோபாவில் கிடந்த குட்டித் தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வா, என் ரூமைக் காட்டறேன்" என்று அவன் எழுந்தான். அம்மாவுக்கு யோசிக்க அவகாசம் வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது. சரி, யோசிக்கட்டும்.

இப்போது அவன் நீட்டிய கையுறையை மாட்டினாள். உள்ளே தூவியிருந்த மாவு விரலிடுக்குகளில் பிசுபிசுத்தது. செத்த பல்லியின் தோலுக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது.

தரையிலிருந்து கூரை வரை அலமாரி. ரயில், கப்பல், தெரு, தெருவில் சிரித்த முகத்தோடு குட்டி மனிதர்கள். பிரிக்காத பெட்டிகள் தனியாக ஒரு சுவரை அடைத்துக்கொண்டிருந்தன. நடுமேசையில் வெள்ளைக் கோட்டை.

அவன் ஆரம்பித்துவிட்டான். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான்.

இந்தக் கம்பெனிக்காரர்கள் முதலில் பொம்மைகளை மரத்தில்தான் செய்தார்களாம். பிளாஸ்டிக் கட்டைகளாக வந்தபோது கடைக்காரர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்களாம். அடுக்கினால் நிற்கவில்லை, லேசாக இடித்தாலே சரிந்தது. பிறகு கட்டையின் அடியில் குழல்களை வைத்தார்கள், பிடிமானம் வந்தது. அதற்கப்புறம் இது நுழையாத வீடே உலகத்தில் இல்லையாம்.

நுழையாத வீடு ஒன்று அவளுக்குத் தெரியும்.

"என் தாத்தா காலத்துக் கட்டையையும் நேத்து வாங்கினதையும் சேர்த்துப் பாரேன். டக்குனு உட்காரும். எங்கே செஞ்சது, யார் வீட்டுலேருந்து வந்தது, எதையும் பார்க்காது."

பேசும்போது அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிடும். அந்த முகத்துக்காகத்தான் அவனை அவளுக்குப் பிடித்தது.

கோட்டையின் ஜன்னல் ஒன்றை எடுக்கப் போனாள். ரப்பர் வழுக்கியது. அவன் பார்வை அவள் விரல்களிலேயே இருந்தது. ஒரு தடவைகூட முகத்துக்கு ஏறவில்லை.

அவளே தன்னை அதட்டிக்கொண்டாள். எடுத்ததற்கெல்லாம் குற்றம் பார்க்காதே. சேர்த்து வைக்கிறவர்களுக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவன் அக்கா வந்தாள். கையில் ஒரு கிண்ணம், வாயில் எண்ணெயில் வறுத்த வேர்க்கடலை.

"அம்மா சரின்னுட்டாங்க!"

சொன்ன வேகத்தில் கிண்ணத்தை வைக்க இடம் தேடினாள். கோட்டைக் கோபுரத்தை அதே எண்ணெய் விரல்களால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள்.

"அக்கா, கோணலா வைக்காதே" என்றான் அவன் சிரித்துக்கொண்டே. அவ்வளவுதான்.

அக்கா அவள் கையைப் பிடித்துக் குலுக்க வந்தவள், நின்றாள்.

"என்னம்மா இது, யாருக்கு ஆபரேஷன்? டேய், இந்த ரூம்ல இந்தக் கூத்து எப்போலேருந்து?"

கோபுரத்தில் அக்காவின் ஐந்து விரல் தடமும் எண்ணெயாகப் பளபளத்தன. அவன் அதைத் துடைக்கவில்லை.

அவள் கையுறையை உருவினாள். வியர்வையில் ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் பக்கம் பறுக்கென்று கிழிந்தது.

"கிழிஞ்சிடுச்சா? இரு, வேற தரேன்" என்று அவசரமாக மேசை இழுப்பறையைத் திறந்தான். குரல் தழைந்து, இதமாக இருந்தது. தலைவலி என்று சொன்னால் மாத்திரை வாங்கி வருவானே, அதே குரல்.

இழுப்பறைக்குள் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"அக்கா, எனக்குச் சம்மதமில்லைன்னு உங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"ஐயோ, ஏம்மா?"

அவள் வெறும் விரலால் இழுப்பறையைக் காட்டினாள்.

கையுறைப் பெட்டிகள். ஒன்றிரண்டு இல்லை, இழுப்பறை கொள்ளாமல் அடுக்கியிருந்தன. எல்லாம் பெண்கள் கைக்கான சிறிய அளவு. ஒன்றைத் தவிர வேறெதையும் பிரிக்கவில்லை.

அவளைக் கட்டிக்கொள்ளத்தான் நினைத்திருந்தான். அதில் துளிப் பொய்யில்லை. குடும்பம் நடத்தத் தேவையானதை இப்போதே வாங்கி வைத்துவிட்டான்.